அப்பா எந்த அத்தியாயத்தில் இறக்க வேண்டும்?

குடும்பத்தையும் இழப்பையும் வைத்து இளையோர் நாவல் எழுத உட்காருகிறவர்கள் யார் இறக்கிறார், எதனால் இறக்கிறார் என்று நிறைய யோசிக்கிறார்கள். எந்தப் பக்கத்தில் இறக்கிறார் என்பதை அந்த அளவுக்கு யோசிப்பதில்லை. 30 அத்தியாய நாவலில் முதல் வரிக்கு முன்பே அந்த மரணம் நடந்துவிட்டதா, 8ஆம் அத்தியாயத்தில் நடக்கிறதா, 25ஆம் அத்தியாயத்திலா? இது மாறினால் கதையின் கால அளவு, சிரிப்புக்கான இடம், கடைசிக் காட்சி எல்லாம் மாறும். பாதி எழுதிய பிறகு மனசு மாறினால், எழுதியதைத் திருத்த முடியாது. திரும்ப எழுத வேண்டியதுதான்.

ஒப்பிட வசதியாக மூன்று வழிக்கும் ஒரே குடும்பத்தை வைத்துக்கொள்வோம். கதை சொல்பவள் 16 வயது அக்கா. அவளுக்கு 9 வயதில் ஒரு தம்பி. அம்மா. அப்பா, இறக்கப்போகிறவர் அவர்தான். அப்பாவின் தம்பி, அதாவது சித்தப்பா, இரண்டு வாரம் இருந்துவிட்டுப் போகலாம் என்று வந்து தங்குகிறவர். கூடவே ஒரு பொருள்: அப்பாவின் போன். அதில் தினமும் காலை 5:40க்கு அலாரம் அடிக்கும். பூட்டு எண் அப்பாவுக்கு மட்டும்தான் தெரியும். பூட்டிய திரையிலேயே அன்றைய அலாரத்தை நிறுத்திவிடலாம், ஆனால் போனைத் திறக்காமல் அலாரத்தையே அழிக்க முடியாது. ஆகவே மறுநாளும் அடிக்கும்.

நீளத்துக்கு, அத்தியாயத்துக்கு 1,500 சொல் வீதம் 45,000 சொல். ஆங்கில இளையோர் நாவல்களுக்குச் சொல்லப்படும் 50,000 முதல் 80,000 வரையிலான கணக்கைத் தமிழுக்கு அப்படியே கொண்டுவராதீர்கள். உருபும் துணைவினையும் ஒட்டிக்கொள்வதால் "வந்துகொண்டிருந்தவர்களிடம்" என்பது நமக்கு ஒரே சொல். எண்ணிக்கையை எட்டுவதற்காக இழுத்த அத்தியாயங்கள் துக்க நாவலில் உடனே தெரிந்துவிடும். ஒரே அழுகை இரண்டு முறை வரும்.

முதல் வழி: தொடங்கும்போதே அப்பா இல்லை

பெரும்பாலானவர்கள் எடுப்பது இதைத்தான். முதல் வரியிலேயே ஒரு கனம் கிடைத்துவிடுகிறது, அதனால்தான். ஆனால் தொடங்குவதற்கு எளிதான இந்த வழிதான் முடிப்பதற்குக் கடினம்.

முதலில், மரணத்திலிருந்து எத்தனை நாள் கழித்துத் தொடங்குவது? மூன்றாம் நாள் என்றால் வீடு நிறைய ஆட்கள் இருப்பார்கள். யார் யாருக்கு என்ன உறவு என்று விளக்கியே முதல் 3,000 சொல் போய்விடும். ஆறு மாதம் என்றால் வெளியுலகம் மறந்துவிட்டிருக்கும், "இன்னுமா?" என்று பார்க்கும் பார்வைகளோடு தொடங்கலாம். அது நல்ல நாவல்தான், ஆனால் குடும்பத்தைவிடப் பள்ளிக்கூடம் முன்னால் வந்துவிடும். மூன்று வாரம் நல்ல இடம். வந்தவர்கள் கிளம்பிவிட்டார்கள், விசாரிக்கும் அழைப்புகள் குறைந்துவிட்டன, வீட்டில் உள்ளவர்கள் முதல்முறையாக ஒருவரை ஒருவர் பார்க்கிறார்கள்.

அலாரம் இங்கே முதல் வரியாகிவிடும்: "5:40க்கு அப்பாவின் போன் அடித்தது. இன்றோடு 23 நாள்." இதில் ஒரு கேள்வி தானாகவே ஒளிந்திருக்கிறது. சார்ஜ் போடாத போன் சில நாளில் அணைந்துவிடுமே, அப்படியானால் யாரோ தினமும் சார்ஜ் போடுகிறார்கள். அக்கா போடவில்லை. யார்? இந்த ஒரு கேள்வி 12ஆம் அத்தியாயம் வரை வாசகரை இழுத்துக்கொண்டு போகும். விடை அம்மா என்றால் எல்லோரும் முன்பே யூகித்திருப்பார்கள். தம்பி என்றால் கண்ணீர் வரும், ஆனால் கொஞ்சம் மலிவு. சித்தப்பா என்றால் கதை திறந்துகொள்கிறது. இறந்தவர் அவருக்கு அண்ணன். கணவனை இழந்தவளையும் அப்பாவை இழந்த பிள்ளைகளையும் பார்த்து ஆறுதல் சொன்ன யாரும் அண்ணனை இழந்தவரைக் கணக்கில் எடுக்கவில்லை. வாசகரும்தான் எடுக்கவில்லை.

இந்த வழியின் பெரிய சிக்கல், வாசகருக்கு அப்பாவைத் தெரியாது. பார்க்காத மனிதருக்காக யாரும் 45,000 சொல் வருந்த மாட்டார்கள். ஆகவே எழுத்தாளர் ஃபிளாஷ்பேக்குக்குப் போகிறார், அங்கேதான் வண்டி சேற்றில் இறங்குகிறது. நினைவு வருகிறபோதெல்லாம் அப்பா சிரிக்கிறார், தோளில் தூக்குகிறார், ஞானமாக ஒரு வரி சொல்கிறார். பத்தாம் அத்தியாயத்துக்குள் அவர் சுவரில் மாட்டிய படமாகிவிடுவார்.

கையில் ஒரு ரேஷன் வைத்துக்கொள்ளுங்கள். 30 அத்தியாயத்துக்கு ஃபிளாஷ்பேக் ஆறு, ஒவ்வொன்றும் 400 சொல்லுக்குள். முதல் இரண்டு அத்தியாயத்தில் ஒன்றும் கிடையாது. ஆறில் இரண்டிலாவது தப்பு அப்பாவுடையது: வாக்குக் கொடுத்து மறந்தது, கடன் வாங்கியதை மறைத்தது, தம்பியை எல்லோர் முன்னாலும் திட்டியது. ஒன்றில் தப்பு கதைசொல்லியுடையது. ஒவ்வொரு நினைவும் கண்முன் இருக்கும் ஏதோ ஒரு பொருளால் கிளம்ப வேண்டும். முடிந்து திரும்பும்போது அவள் செய்துகொண்டிருந்த வேலை மாறியிருக்க வேண்டும். மாறவில்லை என்றால் அந்த நினைவை வெட்டிவிடலாம், கதைக்கு ஒன்றும் ஆகாது. இரண்டாம் அத்தியாயம் முழுவதையும் "அப்பாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்" என்று ஒதுக்கிய கைப்பிரதிகள் பெரும்பாலும் மூன்றாம் அத்தியாயத்தைத் தாண்டுவதில்லை.

ஃபிளாஷ்பேக்கைவிட மலிவான, வலுவான கருவி ஒன்று உண்டு: இரண்டு பேரின் நினைவு ஒத்துப்போகாமல் இருப்பது. "அப்பாவுக்கு நீச்சல் தெரியாது" என்கிறாள் அம்மா. "எனக்குச் சொல்லிக்கொடுத்ததே அண்ணன்தான்" என்கிறார் சித்தப்பா. அந்த இரண்டு வரிக்கு நடுவில் ஒரு மனிதர் உயிரோடு நிற்கிறார், ஃபிளாஷ்பேக்கே தேவைப்படவில்லை.

தமிழில் எழுதுகிறவருக்கு இங்கே இன்னொரு வசதி. "அப்பா ஏழு மணிக்கு வருவார்" என்ற வாக்கியம் இனி வரப்போவதையும் சொல்லும், அந்த நாளில் வழக்கமாக வந்துகொண்டிருந்ததையும் சொல்லும். வினைமுற்று ஒன்றேதான். மூன்று வாரமே ஆன வீட்டில் தம்பி அப்படிச் சொன்னால், எந்தப் பொருளில் சொல்கிறான் என்று அக்காவுக்கே தெரியாது. கேட்கவும் முடியாது. "அப்பாவுக்கு மழை பிடிக்கும்" என்பதும் அப்படித்தான். "பிடித்தது" என்று திருத்தினால் என்றோ ஒரு நாள் பெய்த மழையைச் சொல்வதுபோல் ஆகிவிடும். இதை விளக்கக் கூடாது. நடக்க விட்டாலே போதும்.

இரண்டாம் வழி: எட்டாம் அத்தியாயத்தில்

முதல் நாவல் எழுதுகிறவருக்கு எங்கள் ஓட்டு இதற்கு.

வாசகர் அப்பாவோடு ஏழு அத்தியாயம், ஏறத்தாழ 10,500 சொல், வாழ்கிறார். அந்த ஏழையும் வரப்போகும் சாவின் நிழலால் நிரப்பக் கூடாது. அபசகுனமாக ஒரு பறவை, அப்பா திடீரென்று திரும்பிப் பார்ப்பது, நெஞ்சைத் தடவிக்கொள்வது எல்லாம் வேண்டாம். அங்கே வேறொரு கதை ஓட வேண்டும், அதற்கே உரிய சிக்கலோடு. அக்கா பள்ளி நாடகத்துக்கு ஒலியமைப்பு செய்கிறாள், அப்பா தன் பழைய ஒலிபெருக்கியைப் பழுதுபார்த்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார், பாதி பிரித்துப் போட்டு வைத்திருக்கிறார். நாடகத்துக்கு இன்னும் ஆறு வாரம். இந்த மாதிரி. பிரித்துப் போட்ட ஒலிபெருக்கி 8ஆம் அத்தியாயத்துக்குப் பிறகும் மேசை மேல்தான் கிடக்கும் என்று சொல்லவே வேண்டாம்.

இப்படி ஐந்தாறு பொருள் அல்லது பழக்கத்தை முன்பகுதியில் ஊன்ற வேண்டும். ஒவ்வொன்றும் மரணத்துக்கு முன்பு குறைந்தது இரண்டு தடவை வரட்டும்: ஒரு தடவை போகிறபோக்கில், ஒரு தடவை சிரிப்புக்காக. ஒரே ஒரு தடவை வந்த பொருள் பின்னால் திரும்பி வரும்போது, "ஓ, இதற்காகத்தான் வைத்தார்" என்று வாசகர் பிடித்துவிடுவார். சிரித்த பொருள் திரும்பி வரும்போது அப்படிப் பிடிக்கத் தோன்றாது. நம் அலாரத்தை 2ஆம் அத்தியாயத்தில் அப்பா மூன்று முறை ஒத்திவைத்துவிட்டுத் தூங்கட்டும். 5ஆம் அத்தியாயத்தில் அக்கா தலையணையை முகத்தில் அழுத்திக்கொண்டு, "அப்பா, நீங்க எந்திரிக்கப் போறதில்ல, எங்களை எழுப்புறதுக்கா அதை வச்சிருக்கீங்க?" என்று கத்தட்டும். பிறகு 11ஆம் அத்தியாயத்தில் அது அடிக்கும்போது நீங்கள் ஒரு சொல்லும் எழுத வேண்டியதில்லை. எழுந்து உட்கார்ந்தவர்களை மட்டும் வரிசையாகச் சொல்லுங்கள்.

ஏன் எட்டு? ஐந்துக்கு முன்னால் என்றால் வாசகர் இன்னும் ஒட்டியிருக்க மாட்டார். பன்னிரண்டுக்குப் பிறகு என்றால், மிச்சம் இருக்கும் குடும்பம் மாறுவதற்கு இடம் போதாது. 30இல் 8 முதல் 10 வரை பாதுகாப்பான எல்லை. மரணம் வரும் அத்தியாயம் நாவலிலேயே சின்னதாக இருக்கட்டும், 700 முதல் 900 சொல். நிகழ்வைக் காட்டாமல் செய்தி வந்து சேருவதைக் காட்டலாம். யார் முதலில் போனை எடுத்தார்கள், அப்போது அவர்கள் கையில் என்ன இருந்தது, பிறகு அதை எங்கே வைத்தார்கள். இறுதிச் சடங்கு முழுவதையும் எழுதத் தேவையில்லை. அங்கே யாரோ ஒருவர் தவறாகச் சொன்ன ஆறுதல் வரி ஒன்று போதும். 16 வயதுப் பெண்ணிடம் எல்லோரும் சொல்லும் வரி அதற்குப் பொருத்தம்: "இனிமே நீதான்மா அம்மாவைப் பார்த்துக்கணும்." பிறகு ஒன்பது பத்து நாளைத் தாண்டிக் குதித்துவிடுங்கள்.

கெட்டுப்போவது எப்படி என்றால், இரண்டு நாவலை ஒட்டவைத்ததுபோல் ஆகிவிடும். முன்பாதியில் கலகலப்பு, பின்பாதியில் ஒப்பாரி. வாசகர் ஏமாற்றப்பட்டதாக நினைப்பார். காரணத்தைத் தேடிப்போனால் ஒன்றே ஒன்றுதான் இருக்கும்: வீட்டின் எல்லா நகைச்சுவையையும் அப்பாவிடமே கொடுத்துவைத்திருப்பார்கள், அவரோடு அதுவும் போய்விட்டது. மரணத்துக்கு முன்பே வேறு இரண்டு பேரைச் சிரிக்கவைக்கப் பழக்கிவிடுங்கள். தம்பி ஒருவன். சித்தப்பா போனில் பேசுகிறவராக முன்பே இரண்டு முறை வந்திருந்தால் அவர் இன்னொருவர்.

அடுத்த கோளாறு, பள்ளி நாடகம் காணாமல் போவது. மரணத்தால் தேதிகள் ரத்தாவதில்லை. 13ஆம் அத்தியாயத்துக்குள் யாராவது ஒருவர் தயங்கித் தயங்கி, "ஒலிபெருக்கி... வேற ஏற்பாடு பண்ணிக்கட்டுமா?" என்று கேட்டாக வேண்டும். அந்தக் கேள்வியிலிருந்துதான் பின்பாதி கிளம்பும்.

கடைசியாகப் பேசியது சண்டை, அதனால் குற்றவுணர்ச்சி என்ற ஏற்பாட்டை விட்டுவிடலாம், தேய்ந்து போயிற்று. கடைசிப் பேச்சு "சார்ஜர் எங்கப்பா?" "பையிலதான் இருக்கும், பாரு" என்று இருக்கட்டும். ஒன்றுமே இல்லாத பேச்சு என்பதுதான் அவளால் தாங்க முடியாததாக இருக்கும்.

மூன்றாம் வழி: கடைசிக்குப் பக்கத்தில்

இதில் இரண்டு கிளை. ஒன்று, யாரும் எதிர்பாராமல் பிற்பகுதியில் விழும் மரணம். கேதரின் பாட்டர்சன் 1977இல் எழுதிய 'பிரிட்ஜ் டு டெராபிதியா' இதற்கு நல்ல அளவுகோல்: 13 அத்தியாயத்தில் செய்தி வந்து சேருவது 10ஆவதின் முடிவில். மிச்சம் மூன்றே அத்தியாயம். அது இரு நண்பர்களின் கதை, இழப்புக்குப் பிறகு ஒரே ஒரு பையன் ஒரே ஒரு செயலைச் செய்தால் போதும், அதனால் மூன்றில் முடிக்க முடிந்தது. நான்கு பேர் உள்ள குடும்பத்தை மூன்று அத்தியாயத்தில் தேற்ற முடியாது. குடும்ப நாவலுக்கு இந்தக் கிளை ஒத்துவராது என்பதே எங்கள் கருத்து.

இன்னொன்று, முதலிலிருந்தே எல்லோருக்கும் தெரிந்த நோய். பாட்ரிக் நெஸ் 2011இல் வெளியிட்ட 'எ மான்ஸ்டர் கால்ஸ்' அப்படிப்பட்டது. அதில் நோயாளி ஒரு பையனின் அம்மா. கதைக்கரு எழுத்தாளர் ஷிவான் டௌட் விட்டுச்சென்றது, அவர் அதை எழுதி முடிக்கும் முன் 2007இல் புற்றுநோயால் இறந்துவிட்டார். பிழைப்பாரா மாட்டாரா என்ற கேள்வியை நம்பி அந்த நாவல் ஓடவில்லை. பையன் தனக்குள் மறைத்து வைத்திருக்கும் ஒன்றை எப்போது ஒப்புக்கொள்வான் என்பதில்தான் ஓடுகிறது. இந்த வழியை எடுப்பவர் இதைக் குறித்துக்கொள்ள வேண்டும்: வாசகர் முடிவை முன்பே தெரிந்துவைத்திருப்பதால், கதைக்கு வேறொரு பூட்டு வேண்டும்.

இங்கே அலாரத்தின் பொருளே மாறிவிடுகிறது. 5:40 என்பது மாத்திரை நேரம். அப்பா தன் பூட்டு எண்ணை 20ஆம் அத்தியாயத்தில் மகளிடம் சொல்லிவிடுகிறார், நேரம் இருக்கிறதே. 25க்குப் பிறகு அவளால் அலாரத்தை அழிக்க முடியும். முதல் இரண்டு வழியில் அழிக்க முடியாமல் அடித்தது, இங்கே அழிக்காததால் அடிக்கிறது.

ஆறுதலெல்லாம் மரணத்துக்கு முன்பே வந்தாக வேண்டும் என்பதுதான் இந்த வழியின் கணக்கு. பின்னால் ஐந்து அத்தியாயத்தில் தேறிவிட்டதாகக் காட்டினால் பொய். ஆகவே 10க்கும் 22க்கும் இடையில் குடும்பம் தன்னை மாற்றிக்கொள்கிறது, அப்பாவும் அதைப் பார்க்கிறார். மனதை நனைக்கும் பகுதி அதுதான்.

மருத்துவத்தில் சறுக்கினால் நோயாளி உள்ள வீட்டு வாசகர் புத்தகத்தை மூடிவிடுவார். கீமோதெரபி தொடங்கிய மறுநாளே தலையணையில் முடி கொட்டிக் கிடக்கும் காட்சி எத்தனையோ கைப்பிரதிகளில் வருகிறது. முடி கொட்டுவது பொதுவாக இரண்டு முதல் நான்கு வாரத்தில் தொடங்கும், எல்லா மருந்துக்கும் கொட்டுவதும் இல்லை. பல மருந்துகள் 21 நாள் சுழற்சியில் கொடுக்கப்படுகின்றன. எழுதும் முன் ஒரு நாள்காட்டியில் சுழற்சிகளைக் குறித்து, எந்த வாரம் அவர் படுத்திருப்பார், எந்த வாரம் எழுந்து நடப்பார் என்று பார்த்துக்கொள்ளுங்கள். அந்த நடக்கிற வாரங்களில்தான் நல்ல காட்சிகள் இருக்கும். கடைசி நாட்களில் நீண்ட அறிவுரையும் வராது. உறக்கம் கூடும், சாப்பாடு குறையும், மூச்சு விட்டுவிட்டு வரும், பேச்சு ஓரிரு சொல்லாகும். அப்பா சொல்ல வேண்டியது ஏதாவது இருந்தால் 21ஆம் அத்தியாயத்தில் சொல்லவிடுங்கள், அதுவும் வேறு ஏதோ வேலைக்கு நடுவில். மருத்துவமனைக் காட்சிகள் ஆறைத் தாண்ட வேண்டாம். ஏழாவதிலிருந்து எல்லாம் ஒரே அறையாகிவிடும்.

இறந்தவரே கதை சொல்லும் நான்காவது வழியும் உண்டு. இழப்பே இல்லாமல் போகும் அபாயம் அதில் இருக்கிறது, குரல்தான் போகவே இல்லையே. குடும்பக் கதைக்கு வேண்டாம்.

மரணம் தற்கொலையாக இருந்தால் வழியைத் தேர்வதற்கு முன் வேறு விதிகள் வந்துவிடுகின்றன. உலக சுகாதார அமைப்பு ஊடகங்களுக்கும், 2019இல் தனியாகத் திரைத்துறையினருக்கும் வழிகாட்டி வெளியிட்டிருக்கிறது. எப்படிச் செய்துகொண்டார் என்ற விவரம் வேண்டாம், ஒரே ஒரு காரணத்தில் கொண்டுபோய் முடிக்க வேண்டாம், அதை ஒரு தீர்வாகக் காட்ட வேண்டாம் என்பவை அதன் சாரம். இளைய வாசகருக்கு எழுதும்போது இதில் சலுகை எடுக்கக் கூடாது. இரண்டாம் வழியும் மூன்றாம் வழியும் அந்தக் கதைக்கு ஆபத்தானவை. முதல் வழிதான் சரி.

துக்கத்தை எப்படி அடுக்குவது

மறுப்பு, கோபம், பேரம், மனச்சோர்வு, ஏற்பு என்று நாவலை ஐந்து பாகமாகப் பிரிக்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். மனநல மருத்துவர் எலிசபெத் கூப்ளர் ராஸ் 1969இல் இந்த ஐந்து நிலைகளையும் எழுதியது சாகும் தறுவாயில் இருந்த நோயாளிகளிடம் பேசியதிலிருந்து. இழந்துவிட்டு நிற்கும் பிள்ளைகளின் கால அட்டவணை அது கிடையாது. மூன்றாம் வழியில் அப்பாவுக்கு வேண்டுமானால் ஓரளவு பொருந்தும்.

எழுதுகிறவருக்கு அதைவிட உதவுவது துக்கத்தை ஆராய்ந்த மார்கரெட் ஸ்ட்ரோபும் ஹெங்க் ஷுட்டும் 1999இல் முன்வைத்த ஊசல் மாதிரி. துக்கத்தில் இருப்பவர் ஒரு நேரம் இழப்பின் பக்கம் சாய்கிறார், ஒரு நேரம் அன்றாட வேலையின் பக்கம் சாய்கிறார், இரண்டும் மாறி மாறி நடக்கிறது. பிள்ளைகளிடம் இந்த ஊசல் இன்னும் வேகம். தம்பி பத்து நிமிஷம் தேம்பிவிட்டு, "அக்கா, ரிமோட் எங்க?" என்பான். பெரியவர்கள் இதை எழுதப் பயப்படுகிறார்கள், பையன் கல்நெஞ்சன் என்று தோன்றிவிடுமோ என்று. உண்மையில் அந்த ரிமோட்தான் பக்கத்தைக் காப்பாற்றும். கனமான அத்தியாயம் தொடர்ச்சியாக இரண்டுக்கு மேல் வேண்டாம். மூன்றாவதில் யாராவது ஏதாவது வேலை செய்யட்டும்.

கால அளவுக்கும் ஒரு எல்லை இருக்கிறது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2022இல் வெளியிட்ட டிஎஸ்எம்-5-டிஆர் கையேடு, நீடித்த துக்கக் கோளாறு என்று சொல்வதற்கே பெரியவர்களுக்கு 12 மாதமும் சிறுவர்களுக்கும் பதின்வயதினருக்கும் 6 மாதமும் கழிந்திருக்க வேண்டும் என்கிறது. கதை இரண்டே மாதத்தில் முடிகிறதென்றால் அக்கா இன்னும் துக்கத்துக்குள்தான் இருப்பாள். தேறிவிட்டாள் என்ற தொனி கடைசி அத்தியாயத்தில் ஒட்டாது. முதல் வழிக்கு ஓராண்டு நல்ல அளவு, அப்பா இல்லாத முதல் பிறந்தநாட்கள் எல்லாம் அதற்குள் வந்துவிடும். இரண்டாம் வழிக்கு ஏழெட்டு மாதம் போதும்.

வேலைப் பட்டியல்

எந்த வழியானாலும் எழுதத் தொடங்கும் முன் அப்பா வீட்டில் செய்துவந்த வேலைகளை ஒரு தாளில் எழுதுங்கள். 40 வரும்வரை நிறுத்தாதீர்கள். முதல் 15 எல்லோருக்கும் தோன்றுபவை. பிறகு மூன்றாகப் பிரியுங்கள்: உடனே வேறொருவர் கைக்குப் போனவை, யாரும் தொடாமல் கிடப்பவை, அவர் செய்துகொண்டிருந்தார் என்றே யாருக்கும் தெரியாதவை. கடைசி வகையில் நான்கைந்து கிடைத்தாலே நாவலுக்குப் போதும்.

உதாரணமாக, தம்பியின் ஷூ லேஸ். இதுவரை அது அவிழ்ந்ததே இல்லை. மரணத்துக்குப் பிறகு அடிக்கடி அவிழ்கிறது. ஒரு முறை தடுக்கி விழுகிறான். மறுமுறை அக்கா, "ஒழுங்கா கட்டத் தெரியாதா உனக்கு?" என்று சீறுகிறாள். "நான் எப்பவும் கட்டுற மாதிரிதான் கட்டினேன்" என்கிறான். அது உண்மை. அவள் குனிந்து பார்க்கிறாள்: ஒற்றை முடிச்சு, சின்னக் காதுகள் இரண்டு. பழைய ஷூவைத் தேடி எடுக்கிறாள். அதில் அந்த முடிச்சின் மேல் இன்னொரு முடிச்சு, இறுக்கமாக, பெரிய விரல்கள் போட்டது. தினமும் காலையில் அவன் வாசலில் உட்கார்ந்து கட்டி முடித்ததும், "எங்க, நேரா நில்லு" என்று அப்பா ஒரு கணம் குனிவார். அவ்வளவுதான். அந்தப் பழைய ஷூ அவனுக்கு இப்போது சின்னது, யாரும் அவிழ்க்கப்போவதில்லை.

இந்தக் காட்சி முதல் வழியில் 6ஆம் அத்தியாயத்துக்குப் போகும், அப்பாவை வாசகர் சந்திப்பதே அதில்தான். இரண்டாம் வழியில் "நேரா நில்லு" 3ஆம் அத்தியாயத்தில் பேச்சோடு பேச்சாக வந்திருக்கும், லேஸ் 14இல் அவிழும். மூன்றாம் வழியில் குனிய முடியாமல் போன அப்பா தம்பிக்கு இரட்டை முடிச்சைச் சொல்லிக்கொடுப்பார், அவன் பொறுமையில்லாமல் நெளிவான். மூன்றில் உங்களுக்கு எழுதக் கை பரபரப்பது எது என்று பாருங்கள். சந்தேகம் தீரவில்லை என்றால் மூன்றையும் 800 சொல்லில் எழுதிப்பார்த்து, ஒரு வாரம் மூடிவைத்துவிட்டுப் படியுங்கள். அந்த வாரம் வீணாகாது. தவறான வழியில் 20,000 சொல் எழுதிய பிறகு திரும்புவதைவிட இது மலிவு.

மறைந்துபோன கடவுச்சொல் கடைசியில் மகளின் பெயராக இருப்பதை மட்டும் எழுதாதீர்கள். அதை எல்லோரும் எழுதிவிட்டார்கள்.

வடிவத்தைப் பற்றிச் சுருக்கமாக. இறந்தவருக்குக் கடிதம் என்பது முதல் வழிக்கு மட்டும் ஒத்துவரும், அங்கேயும் "உங்களுக்குத்தான் தெரியுமேப்பா" என்ற வாக்கியம் ஐந்தாம் கடிதத்தில் நுழைந்துவிடும். அவருக்குத் தெரிந்ததையே அவரிடம் சொல்ல வேண்டியிருப்பதால். நாவல் முழுவதும் கடிதமாக வேண்டாம், நான்கு போதும். "நடக்கிறேன், பார்க்கிறேன்" என்று நிகழ்காலத்தில் சொல்லும் நடை ஆங்கில இளையோர் நாவல்களில் சாதாரணம். தமிழில் 45,000 சொல்லுக்கு அது நேர்முக வர்ணனைபோல் ஒலிக்கும். முழுக்கப் பேச்சுத் தமிழில் எழுதுவதும் பத்தாம் அத்தியாயத்தில் களைப்பைத் தரும். சொல்முறை எளிய எழுத்துத் தமிழிலும் உரையாடல் பேச்சுத் தமிழிலும் இருப்பது தாங்கும். அம்மாவைச் "சொன்னாள்" என்பதா, "சொன்னார்" என்பதா, "சொன்னாங்க" என்பதா என்று முதல் அத்தியாயத்திலேயே முடிவுசெய்து கடைசிவரை மாறாமல் பிடியுங்கள். நடுவில் மாறினால் அம்மாவே வேறு ஆளாகிவிடுவார்.

சித்தப்பா எந்த வழியிலும் இந்த வீட்டுக்குள் மெதுவாகத்தான் நுழைகிறார். முதல் வழியில் ஏற்கெனவே இருக்கிறார், இரண்டாவதில் 9ஆம் அத்தியாயத்தில் வருகிறார், மூன்றாவதில் 6க்குள் வந்துவிட வேண்டும், இல்லாவிட்டால் நேரம் பற்றாது. அவரிடம் பேசும்போது அக்கா "நாங்க" என்றே சொல்வாள்: "நாங்க சாப்பிட்டாச்சு", "நாங்க பார்த்துக்குறோம்". சித்தப்பாவைச் சேர்க்காத சொல் அது. 29ஆம் அத்தியாயத்தில் எங்கோ கிளம்பும்போது, ஷூ போட்டபடி, "சித்தப்பா, நாம எத்தனை மணிக்குக் கிளம்பணும்?" என்று கேட்கிறாள். யாரும் அதைக் கவனித்ததாக எழுத வேண்டாம். ஆனால் அந்த வரி வேலை செய்ய வேண்டும் என்றால் அதற்கு முன்னால் அவரிடம் அவள் ஒரு தடவைகூட அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. கைப்பிரதி முடிந்ததும் "நாம", "நம்ம", "நமக்கு" மூன்றையும் கோப்பு முழுக்கத் தேடுங்கள். ஏழெட்டு இடத்திலாவது தவறி விழுந்திருக்கும்.